ஏழு கிலோமீட்டர் கார்பெட், ஒரு கிலோமீட்டர் மணல்: எந்தச் சைக்கிள்?

"சாம்பல்தீவில் ஒரு ஒழுங்கைக்குள் வீடு. திருகோணமலை டவுனில் உள்ள பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கக் கிடைத்திருக்கிறது. ஒரு பக்கம் எட்டுக் கிலோமீட்டர். ஏழு நல்ல கார்பெட் றோட்டு, மிச்சம் கிறவலும் மணலும். சேலையோடுதான் போக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் தம்பியை ரியூசனுக்கு ஏற்றி இறக்கவும் வேண்டும். அண்ணா மவுண்டன் பைக் என்கிறார், அம்மா லேடீஸ் சைக்கிள் என்கிறா, கடைக்காரர் ஷொக் வைத்த 18 கியர் சைக்கிளைக் காட்டுகிறார். எல்லாத்துக்கும் ஒத்து வருகிற ஒரே சைக்கிள் எது?" தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இவ்வளவுதான்.

என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். பிறகு நான் குடும்பநல உத்தியோகத்தராக 26 வருஷம் உப்புவெளிப் பக்கமும் நிலாவெளிப் பக்கமும் வீடு வீடாகச் சைக்கிளில் திரிந்தவள். கரியரில் பிள்ளைகளை நிறுக்கிற தராசு, ஹாண்டிலில் பை, காலுக்குக் கீழே ஒரு நாள் தார், ஒரு நாள் சேறு. அந்த அனுபவத்தில் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: முன்னுக்கு ஷொக் இல்லாத, நடுக் குழாய் தாழ்ந்த, மவுண்டன் அளவு 26 அங்குலச் சில்லுப் போட்ட சைக்கிள். அலுமினிய றிம், வி பிறேக் (றிம்மை இரண்டு பக்கமும் றப்பர் கட்டையால் பிடிக்கிறது), முன்னுக்கு ஒரே ஒரு பல்சில்லு, பின்னுக்கு ஆறோ ஏழோ கியர், முழு மட்கார்ட், செயின் கவர், இரும்புக் கரியர். அம்மா சொன்ன உருவமும் அண்ணா சொன்ன ரயரும் சேர்ந்தது என்று வையுங்கள். கடைக்காரர் காட்டியது வேண்டாம்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒழுங்கை மணலைப் பார்த்துப் பயந்துதான் எல்லாரும் மொத்தப் பல் ரயரும் ஷொக்கும் உள்ள சைக்கிளை எடுக்கிறார்கள். ஆனால் எட்டுக் கிலோமீட்டரில் அந்த மணல் ஒன்று. மிச்ச ஏழிலும் அந்தப் பல் ரயர் "ர்ர்ர்" என்று இரைந்துகொண்டு உங்கள் பலத்தைத் தின்னும். மறுபக்கம், றேஸ் சைக்கிளின் மெல்லிய ரயர் கார்பெட்டில் பறக்கும். ஒழுங்கைக்குள் வந்ததும் மணலைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு புதையும், நீங்கள் இறங்கித் தள்ளுவீர்கள். ஆகவே சைக்கிளைத் தாருக்கு எடுங்கள், மணலை ரயர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஷொக் பற்றி ஒரு பந்தியில் முடிக்கிறேன். நல்ல ஷொக் இருக்கிறது, அதன் விலை உங்கள் முழுச் சைக்கிளின் விலையை விடக் கூட. நம் கடைகளில் மலிவுச் சைக்கிளில் வருவது இரண்டு சுருள்கம்பி போட்ட இரும்பு. இரண்டு கிலோவுக்கு மேல் பாரம், ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கம் குனிந்து எழும்பும். உப்புக் காற்றும் மணலும் உள்ளே போய் ஒரு மாரி கழிய இறுகிப்போகும். 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் அவசரமாக வாங்கிய சைக்கிள்கள் இப்போது பலருடைய வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. ஒன்றின் முன் ஷொக்கை அமத்திப் பாருங்கள். அசையாது.

இனி ரயர். இதில்தான் கொஞ்சம் நேரம் எடுக்கப் போகிறேன், ஏனென்றால் காசு வீணாகிற இடம் இது.

"26 சைஸ்" என்று கடையில் சொல்வது ஒரு அளவு இல்லை. லேடீஸ் சைக்கிளில் வரும் 26 x 1 3/8 ரயர் ஒன்று. மவுண்டன் சைக்கிளில் வரும் 26 x 1.75, 1.95, 2.10 வேறொன்று. இரண்டிலும் 26 என்றுதான் அச்சடித்திருக்கும். ஆனால் ரயரின் விளிம்பு உட்காரும் றிம்மின் விட்டம் முதலாவதில் 590 மில்லிமீட்டர், இரண்டாவதில் 559. மூன்று சென்றிமீட்டர் வித்தியாசம். ஒன்றின் ரயர் மற்றதன் றிம்மில் ஏறவே ஏறாது, அல்லது ஏறித் தொளதொளவென்று கிடக்கும். என்னோடு வேலை செய்த ஒருவர் நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வந்து, டவுனில் ரயர் வாங்கிக்கொண்டு திரும்பிப் போய், பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு அடுத்த நாள் கண் கலங்கி அப்பாவின் கடைக்கு வந்தா. அப்பா சிரிக்கவில்லை. பழைய ரயரின் பக்கத்தில் ஈரத்துணியால் துடைத்து, சின்ன எழுத்தில் இருந்த இலக்கத்தைக் காட்டினார். அதில் 37-590, புதியதில் 47-559. முன்னால் உள்ளது அகலம், பின்னால் உள்ளது றிம் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அந்தப் பின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைத்தால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது, உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளவும் முடியாது. அப்பா ஓடின கம்பி பிறேக் சைக்கிளின் 28 x 1½ ரயரில் அது 635. றேஸ் சைக்கிளிலும், றேஸுக்கும் மவுண்டனுக்கும் இடைப்பட்டதாக இப்போது வரும் ஹைபிரிட்டிலும் 622. யப்பான் பழைய சைக்கிள் சிலதில் 27 என்று இருக்கும், அது 630. 635க்கும் 630க்கும் ஐந்து மில்லிமீட்டர்தானே என்று தட்டிக் கொட்டி ஏற்றப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

இந்த 559ஐ நான் சொல்வதற்குக் காரணம் அகலம். 590 றிம் சைக்கிளில் அகலம் கூடின ரயர் கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் முன் சில்லைப் பிடிக்கிற கவரின் (போர்க்) நடுவிலும் மட்கார்டுக்குக் கீழும் அதற்கு இடம் இராது. 559இல் ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு அங்குலம் வரை தாராளமாகக் கிடைக்கும், சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். நடு வரி வழுவழுப்பாகவும் இரண்டு ஓரத்திலும் சின்னப் பல்லும் உள்ள ரயராகக் கேளுங்கள். நேரே போகும்போது வழுவழுப்பான நடுப்பகுதி மட்டும் றோட்டில் படும். மணலில் ரயர் கொஞ்சம் புதைந்ததும் ஓரப் பல் பிடிக்கும். ஹைபிரிட்டில் 622க்கு 38, 40 மில்லிமீட்டர் ரயர் போட்டாலும் நல்ல சைக்கிள்தான். உங்கள் உயரம் ஐந்தடி நாலுக்கு மேல் என்றால் அதையும் ஓடிப் பாருங்கள். ஆனால் அவசரத்துக்கு ஒழுங்கை முகப்புக் கடையில் அந்த ரயர் தொங்குமா என்று போய்ப் பார்த்துவிட்டு எடுங்கள்.

அகல ரயர் வாங்கிவிட்டுக் கல் மாதிரிக் காற்றடித்தால் வாங்கின பலன் போய்விடும். உங்கள் எடை ஐம்பது, அறுபது கிலோ என்றால் பின்னுக்கு 40, முன்னுக்கு 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். தம்பி ஏறுகிற நாளில் பின்னுக்கு 50. சைக்கிள் ரயரில் பெற்றோல் செற் காற்றுக் குழாயை வைத்தால் கண் மூடித் திறக்க முதல் 70 போய்விடும், விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் 65 வரை என்று அச்சடித்திருப்பது ரயர் தாங்கக்கூடிய உச்சம். அவ்வளவும் அடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

முள்ளையும் சொல்ல வேண்டும். மாரி முடிந்து தை, மாசி வர ஒழுங்கை ஓரமெல்லாம் நெருஞ்சி மஞ்சளாகப் பூக்கும். பார்க்க வடிவு. பிறகு காய் காய்ந்ததும் ஒவ்வொன்றும் ஒரு ஊசி. ஒழுங்கையை விட்டு நிலாவெளி றோட்டில் ஏறுகிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்று, இரண்டு ரயரையும் சுழற்றிச் செருப்பு அடியால் தேய்த்துவிடுங்கள். முள் குத்தின உடனே ரியூப்பைத் தொடாது; கார்பெட்டில் ஓட ஓடத்தான் உள்ளே இறங்கும். பழைய மெல்லிய ரயரின் விளிம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைப் புது ரயருக்குள் வரி மாதிரி வைப்பது அப்பா காலத்து வேலை. பாரம் கூடும், ஆனால் நெருஞ்சி தோற்றுப்போகும். நான் பின் சில்லுக்கு மட்டும் வைத்திருந்தேன்.

சரி, பிறேக். மார்கழி மாதம், மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்த பின்னேரம். உப்புவெளியில் யுத்த மயானத்தைத் தாண்டி டவுன் பக்கம் வந்துகொண்டிருக்கிறேன். என்னுடையது அப்போது பளபளக்கிற இரும்பு றிம். வேலிக்குள்ளிருந்து ஒரு நாம்பன் மாடு அவசரமே இல்லாமல் றோட்டுக்கு ஏறினது. இரண்டு பிறேக்கையும் விரல் நோகப் பிடித்தேன். சைக்கிள் தன்பாட்டில் போய்க்கொண்டே இருந்தது. செருப்பை ஊன்றிப் பார்த்தேன், அதுவும் வழுக்கினது. மாட்டை விட்டு விலத்தி வாய்க்காலுக்குள் இறங்கினேன். தராசுக்கு ஒன்றும் இல்லை, எனக்கு முழங்கையில் நாலு தையல். அடுத்த சம்பளத்தில் இரண்டு றிம்மையும் அலுமினியத்துக்கு மாற்றினேன். நனைந்த இரும்பு றிம்மில் றப்பர் கட்டைக்குப் பிடி கிடைக்காது. அலுமினியத்தில் முதல் ஒரு சுற்றில் தண்ணீரை வழித்துவிட்டுப் பிறகு பிடிக்கும். கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். றிம்மில் ஒட்டினால் அந்தச் சைக்கிள் வேண்டாம், அல்லது றிம் மாற்றித் தரச் சொல்லி விலை பேசுங்கள். டிஸ்க் பிறேக் மழையில் இன்னும் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் மலிவு டிஸ்க் கொஞ்சம் வளைந்தாலும் நாள் முழுக்க உரசிக்கொண்டிருக்கும். அதன் கட்டைகளும் பல வடிவம், உங்களுடையதற்கு ஏற்றதைத் தேட வேண்டும். வி பிறேக் கட்டை எந்தக் கடையிலும் இருக்கும், நீங்களே மாற்றலாம்.

கியர் எதற்கு, நம் ஊர் தட்டைதானே என்று கேட்பார்கள். உவர்மலை ஏற்றமும் கோணேசர் கோயில் ஏற்றமும் உங்கள் பாதையில் இல்லை, உண்மை. ஆனால் காற்று இருக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் காலையில் டவுனை நோக்கி வரும்போது அது வலப்பக்கமிருந்து முகத்தையும் சேர்த்து அறையும்; சாம்பல்தீவுப் பாலத்தில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. நீங்கள் 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 15 கிலோமீட்டர் வேகக் காற்று என்றால் உடம்பில் படுவது 33. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அது காற்றில்லாத நாளை விட மூன்று மடங்குக்கு மேல். ஒற்றைக் கியரில் இதைத் தள்ளிக்கொண்டு போய் முதலாம் பாடவேளைக்கு நிற்க முடியாது. பள்ளி விட்டு இரண்டு மணிக்குத் திரும்பும்போது அதே கச்சான் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போய் வீட்டில் விடும், அது வேறு கதை. வாடைக் காலத்தில் கடல் பக்கமிருந்து வரும், மழையோடு வரும்.

முன்னுக்கு 42 பல், பின்னுக்கு 14இலிருந்து 28 வரை ஏழு பல்சில்லு உள்ள பிறீவீல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில்லு ஒரு தடவை சுற்ற ஏறக்குறைய இரண்டு மீற்றர் போகும். பின்னுக்கு 18 பல்லில் விட்டால் ஒரு மிதிச்சுற்றுக்கு 4.7 மீற்றர், நிமிஷத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு 17 கிலோமீட்டர், வியர்க்காமல் அரை மணிக்குள் பள்ளிக்கூடம். 28 பல்லுக்கு மாற்றினால் 3 மீற்றர். மணலுக்கும் எதிர்க்காற்றுக்கும் தம்பிக்கும் அது. ஒப்பிட, 28 அங்குலக் கம்பி பிறேக் சைக்கிளில் 44க்கு 18 என்று இருந்தால் ஒரு சுற்று 5.4 மீற்றர், மாற்றவும் முடியாது. முன்னுக்கு மூன்று பல்சில்லு வைத்து "18 கியர்" என்று விற்பதில் பாதிக்கு மேல் ஒன்றையொன்று ஒத்த கியர்கள். அதை விடப் பெரிய குறை, மூன்று பல்சில்லுக்கு மேல் முழுச் செயின் கவர் போட முடியாது.

சேலைக்காரிக்கு அந்தக் கவர்தான் உயிர். செயினுக்குக் கவர், பின் சில்லின் இரண்டு பக்கமும் சேலை போகாமல் வலை அல்லது தகடு, இரண்டும் கேட்டு வாங்குங்கள். நடுக் குழாய் தாழ்ந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னது ஏறி இறங்குகிற வசதிக்கு மட்டுமல்ல. மணலில் சில்லு திடீரென்று நிற்கும்போது சேலையோடு இரண்டு காலையும் நிலத்தில் ஊன்ற இடம் வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகுங்கள், சரியா? பின்னால் பறக்க விட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

கரியரில் ஒரு விஷயம். பளபளப்பான அலுமினியக் கரியர்களில் 25 கிலோ என்று அச்சடித்திருக்கும். தம்பி வளர வளர அதற்கு மேல் வந்துவிடுவான். இரண்டு கால்களும் பின் அக்சில் வரை இறங்குகிற இரும்புக் கரியர் கேளுங்கள், பின் சில்லில் 36 கம்பி இருக்கிறதா என்று எண்ணுங்கள். அவனுக்குக் கால் வைக்க இரண்டு பக்கமும் கொழுவி அடித்துக்கொடுங்கள். கால் சில்லுக்குள் போய்க் குதி கிழிந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்தவள்.

கார்பெட்டின் விளிம்பு. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. குச்சவெளி பஸ் பின்னுக்கு ஹோர்ன் அடித்தால் நீங்கள் இடப்பக்கம் மணலுக்குள் இறங்கத்தான் வேண்டிவரும். இறங்குவது லேசு. திரும்ப ஏறும்போது விளிம்போடு ஒட்டி ஓடிக்கொண்டே மெல்ல ஏற்றப் பார்த்தால் முன் ரயர் விளிம்பில் உரசிக்கொண்டு ஏற மறுக்கும், ஹாண்டில் கையை மீறும், நீங்கள் றோட்டுப் பக்கம் விழுவீர்கள். வேகத்தைக் குறைத்து, பின்னால் வாகனம் இல்லை என்று பார்த்து, விளிம்பைக் குறுக்கே வெட்டி ஏறுங்கள். ரியூசன் நாளில் இருட்டி வந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் லைற் வேண்டும். கோட்டைப் பக்கமும் டவுனுக்குள்ளும் மான் நிற்கும், அதன் கண்ணாவது மினுங்கும். றோட்டில் முகத்தை மறுபக்கம் திருப்பிப் படுத்திருக்கிற கறுப்பு மாடு மினுங்காது.

உப்புக்கு வருகிறேன். கடலிலிருந்து இவ்வளவு கிட்ட இருக்கிற நமக்குச் சைக்கிளைத் தின்பது ஓட்டம் இல்லை, நிற்பதுதான். வாரத்தில் ஒரு தரம் கிணற்றுத் தண்ணீரால் ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினுக்குத் தையல் மெசின் எண்ணெய் விட்டு, மேலே தெரிகிற எண்ணெயைப் பழந்துணியால் திரும்பத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது செயின் முடிச்சுக்கு உள்ளே; வெளியே நிற்பது மணலைத்தான் கூப்பிடும், சேலையையும் கறையாக்கும். கராஜில் கிடைக்கும் கறுத்த பழைய ஒயில் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். சீற் தண்டைக் கழற்றிக் கிறீஸ் பூசித் திரும்பப் போடுங்கள், வருஷத்தில் இரண்டு தரம். அலுமினியத் தண்டு இரும்புக் குழாய்க்குள் உப்போடு ஒட்டிவிட்டால் பிறகு வாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மாரியில் ஒழுங்கை நிறையத் தண்ணீர் நின்றால் சில்லின் நடுவில் உள்ள ஹப் மூழ்குகிற ஆழத்துக்கு ஓட வேண்டாம், இறங்கித் தள்ளுங்கள். மூழ்கிவிட்டால் அந்த மாரி முடிய ஹப் கழற்றி உள்ளே இருக்கிற இரும்புக் குண்டுகளைக் கழுவிக் கிறீஸ் போடச் சொல்லுங்கள்.

புதிதா, பழசா? லுமாலா, டொமஹோக், கென்ரன் என்று நம் நாட்டில் ஓடுகிற பெயர்களில் எடுத்தால் சாமான் கிடைப்பது லேசு. பெயரை விட றிம்மையும் ரயர் இலக்கத்தையும் பார்த்து எடுங்கள். யப்பான் பழைய சைக்கிள் எனக்குப் பிடித்த சாமான்: மட்கார்ட், செயின் கவர், கூடை, டைனமோ எல்லாம் ஒழுங்காக இருக்கும், சிலதில் மூன்று கியரும் ஹப்புக்குள்ளேயே மூடியிருக்கும், மணல் அண்டாது. ஒழுங்கை இல்லாமல் அலஸ்தோட்டத்தில் றோட்டோரம் வீடென்றால் உங்களுக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ரயர் மெல்லிசு, அகலமாக்க இடமில்லை.

எந்தப் பழசு எடுத்தாலும் பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்று கொண்டு போங்கள். செயினின் ஒரு ஊசியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், நல்ல செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு ஊசியின் நடு நேராக நிற்கும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்றால் பிறீவீலும் தேய்ந்துபோயிருக்கும், அந்தக் காசைக் கழித்துப் பேசுங்கள். பிறகு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் தண்டு போகிற குழாயின் அடியையும் பின் அக்சில் பூட்டுகிற இரண்டு மூலையையும் சாவியால் தட்டிப் பாருங்கள். பெயின்ற் கொப்புளித்து, தட்டும்போது மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே துரு. புதுப் பெயின்ற் அடித்த பழைய சைக்கிளில் இதை இரண்டு தரம் பாருங்கள்.

கையில் உள்ள காசு முழுவதையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாதீர்கள், ஐந்தில் ஒன்றை ஒதுக்குங்கள். கடையிலிருந்து வரும் சைக்கிளில் அநேகமாகப் பல் ரயர் இருக்கும், அதை மாற்ற. நல்ல பூட்டு, லைற், காற்றடிக்கிற பம், ஒரு மிச்ச ரியூப் வாங்க. கழற்றின பல் ரயரை எறிய வேண்டாம், மாரி காலத்தில் பின் சில்லுக்குப் போடலாம். வாங்குகிற அன்றைக்குச் சேலை கட்டிக்கொண்டு போங்கள். பெடலைக் கீழே விட்டுக் குதியை வைத்தால் கால் நேராக நீளும் அளவுக்குச் சீற்றை உயர்த்தச் சொல்லி, தம்பியையும் கரியரில் ஏற்றி, கடைக்குப் பக்கத்தில் எங்கே மணல் கிடக்கிறதோ அங்கே ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். ஓட விட மாட்டேன் என்கிற கடையில் எடுக்க வேண்டாம்.